ஸ்திரீபார்ட்டும் ரசிகனும்

1

நமது வட்டாரத்தில் 'ரசிகன்' என்பது ஏறக்குறைய ஒரு வசைச்சொல். ஒரு நண்பரின் கட்டுரையைக் கவிழ்க்க வேண்டுமென்றால் 'இது விமர்சனமில்லை, ரசிகமனம்' என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆள் காலி. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் அடித்தட்டு மக்களின் சம்மதத்தை எப்படிப் பெற்றது என்பதை விளக்கி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் நூல் எழுதினார். அதற்குப் பிறகு ரசிகன் என்றாலே கட்அவுட்டுக்குப் பாலூற்றுகிறவன், தன் நலனுக்கு எதிராகத் தானே ஓட்டுப் போடுகிறவன் என்று ஒரு சித்திரம் நம் மனதில் படிந்துவிட்டது. (பாண்டியன் அவ்வளவு எளிமையாகச் சொல்லவில்லை, வாசித்த நாம்தான் எளிமையாக்கிக்கொண்டோம்.)

ஆனால் இதே சொல் சென்னை சபாக்களுக்குள் நுழைந்தால் பட்டமாகிவிடுகிறது. 'அவர் நல்ல ரசிகர்' என்றால் ராகம் தெரிந்தவர், தொடையில் தட்டுகிற தாளம் தப்பாதவர் என்று பொருள். ஊர்ப் பொட்டலில் பாயை விரித்து விடிய விடிய வள்ளி திருமணம் பார்க்கிறவனும் ராகம் தெரிந்தவன்தான், தாளம் தப்பாதவன்தான். அவனை மட்டும் 'நாடகப் பைத்தியம்' என்கிறோம். 'ரசிகர்' என்பதில் இருக்கும் 'ர்' விகுதிக்கும் 'ரசிகன்' என்பதில் இருக்கும் 'ன்' விகுதிக்கும் நடுவே சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் பாயில் உட்கார்ந்த வகை. இரண்டு நடிகைகளுக்கு ரசிகன். ஒருவர் கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள் (1908–1980). அவரை நான் மேடையில் பார்த்ததில்லை; இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் சினிமாவிலும்தான் தெரியும். இன்னொருவர் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்டவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் கட்டுரையின் கடைசியில் விளங்கும். ஒரு பாட்டு நடிகைக்கு ரசிகனாக இருப்பது என்றால் என்ன, அதில் யார் யாருக்கு என்ன தருகிறார்கள், என்ன தர மறுக்கிறார்கள் என்பதை எனக்கு நானே தெளிவாக்கிக்கொள்ளவே இதை எழுதுகிறேன். ரசிகனை வெளியே நின்று ஆராய்ந்தவர்கள் நிறைய. உள்ளே இருந்து ஒரு வாக்குமூலம் வரட்டுமே.

2

ஸ்பெஷல் நாடகம் பார்த்திராத நண்பர்களுக்காக முதலில் அதன் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் பின்னால் வருவது புரியாது.

'ஸ்பெஷல்' என்பதற்குச் சிறப்பு என்று பொருளில்லை. ஒரு கம்பெனியின் நிரந்தர நடிகர்களாக இல்லாமல், ஒரு ராத்திரி நாடகத்துக்கென்று ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவதுதான் ஸ்பெஷல். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து. பபூன், டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம், எல்லாரும் தனித்தனி. ஒப்பந்தம் செய்து தருவதற்கு ஏஜெண்டுகள் உண்டு. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று நடிகர் சங்கங்கள் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய, அமைத்த நாடகங்கள்தான் இவர்களுக்குப் பொதுப் பிரதி. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி. பிரதி எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகை கிடையாது. சில சமயம் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருவரையொருவர் முதல்முறை பார்ப்பார்கள். பத்து மணி வாக்கில் ஆரம்பித்து பபூனும் டான்ஸும் கூட்டத்தைச் சிரிக்க வைத்து, கதைக்குள் நுழையும்போது நடுநிசி ஆகியிருக்கும். வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ணி முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும்.

ஒத்திகை இல்லாததால் ஒரு விஷயம் நடக்கிறது. பாட்டு எழுதி வைத்தது. இடையில் வரும் பேச்சு அன்றன்றைக்குப் பிறப்பது. தர்க்கத்தில் ராஜபார்ட் ஒரு கேள்வியைப் போட்டால் ஸ்திரீபார்ட் அங்கேயே பதில் கட்ட வேண்டும். சிலேடை, விடுகதை, புராணச் சான்று, உள்ளூர்ச் சமாச்சாரம், எதுவும் வரலாம். ரசிகன் காத்திருப்பது இதற்குத்தான். கதை எப்படி முடியும் என்பது அவனுக்குத் தெரியும். இன்றைக்கு இவள் இவனை எங்கே மடக்குவாள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. முடிவு தெரிந்த பிரதிக்குள் முடிவு தெரியாத ஒரு சண்டை. 'திறந்த பிரதி' என்று நாம் கருத்தரங்கில் பேசுவதை எங்கள் ஊர் ஆட்கள் பாயில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள்.

சினிமா ரசிகனுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவன் கைதட்டினாலும் படச்சுருள் நின்று கேட்காது. நாடகத்தில் ரசிகனின் கைதட்டல் அடுத்த வசனத்தை மாற்றும். ஒலிபெருக்கியில் அன்பளிப்பு அறிவிப்பார்கள். பெயர் சொன்ன ஆளுக்கு நடிகை மேடையிலிருந்து நன்றி சொல்ல வேண்டும். ஆக, இங்கே ரசிகனுக்கு ஒரு சின்ன அதிகாரம் இருக்கிறது. அந்தச் சின்ன அதிகாரம்தான் என் கட்டுரையின் பிரச்சனை.

3

இனி குரல்.

நாடகக்காரர்கள் 'அஞ்சு கட்டையில பாடுவா' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொள்வது என்ற கணக்குதான் அது. ஒரு கட்டை என்றால் மேற்கத்திய 'சி'. ஐந்து கட்டை 'ஜி'. கச்சேரிகளில் ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை, இரண்டில் பாடுவார்கள். பெண்களுக்கு நாலரை, ஐந்து என்று போகும். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய மேடையில் இந்தக் கட்டைக் கணக்கு ஜீவாதாரப் பிரச்சனை. பல நூறு பேர் உட்கார்ந்த தகரக் கொட்டகையின் கடைசி ஆளுக்குக் கேட்கவில்லையென்றால் அடுத்த நாடகம் கிடைக்காது. எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) ஆணாக இருந்தும் பெண்குரலோடு ஒட்டிப் போகும் உயரத்தில் பாடினார் என்பதுதான் அவருடைய பெரும் புகழ். சுந்தராம்பாளும் அவரும் இலங்கையில் ஒரே மேடையில் சேர்ந்தபோது, இரண்டு உயரங்கள் மோதிக்கொள்வதைக் கேட்கத்தான் கூட்டம் வந்தது.

ரொலான் பார்த் 1972இல் குரலின் இழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பயிற்சி, உச்சரிப்பு, உணர்ச்சி எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பாடகர் தன்னைத் தொடவில்லை, இன்னொருவரின் குரலில் மட்டும் ஒரு உடம்பு கேட்கிறது என்பது அவர் வாதம். நாக்கும் தொண்டையும் மூக்கும் மொழியோடு உரசுகிற ஓசையைத்தான் அவர் இழை என்கிறார். சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு பார்த் நினைவு வருவார். சொற்களை அவர் வழவழப்பாக்குவதில்லை. வல்லின ஒற்று வரும் இடத்தில் நின்று, அழுத்தி, பிறகு மேலே ஏறுவார். மேலே போன பிறகும் குரல் மெலிவதில்லை. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். அதற்குள் ஒரு உடம்பையே அடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இங்கே பார்த்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ்ச் சூழலில் பெண்குரலில் உடம்பு கேட்பது ஒரு குற்றம். கர்நாடக இசைமேடை தன்னைக் கௌரவப்படுத்திக்கொண்ட காலத்தில், பாடுகிற பெண் அசையாமல் உட்கார வேண்டும், முகம் காட்டக் கூடாது, உடம்பை மறைத்துக் குரலை மட்டும் நீட்ட வேண்டும் என்ற விதி உருவானதை அமாண்டா வைட்மன் 2006இல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். நாடக நடிகைக்கு இந்த வசதி கிடையாது. அவள் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், முன்பின் தெரியாத ஆண் ஒருவனைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாட வேண்டும். அதையும் ராத்திரி இரண்டு மணிக்கு, ஊரே பார்க்கச் செய்ய வேண்டும். இரண்டும் அதே ராகம்தான், அதே தமிழ்தான். ஒன்று கச்சேரியானது, இன்னொன்று கூத்து. ஒருத்தி விதுஷி, இன்னொருத்தி கூத்தாடிச்சி.

4

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கிச் சொல்கிறேன். கொடுமுடியில் வறுமையில் பிறந்த சிறுமி, ரயிலில் பாடிக் காசு வாங்கியவள், நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சிறுவர் வேஷம் கட்டி, பிறகு இலங்கை மேடைகளில் பெயரெடுக்கிறாள். செங்கோட்டைக் கிட்டப்பா அங்கே வருகிறார். பிராமணர், ஏற்கெனவே மணமானவர். இருவரும் சேர்கிறார்கள். பிறந்த குழந்தை தங்கவில்லை. மனத்தாங்கல், பிரிவு, அவருடைய குடி. 1933 டிசம்பரில் கிட்டப்பா சாகிறார். அவருக்கு 27 வயது, சுந்தராம்பாளுக்கு 25. அதன்பின் வெள்ளைச் சேலை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற விரதம். 1980இல் சாகும்வரை, 47 ஆண்டுகள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ரசிகர்களின் கண் கலங்கும். என் கண்ணும் கலங்கியிருக்கிறது. அந்தக் கண்ணீரைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் ஆவணத்தைப் பாருங்கள். தமிழின் முதல் பேசும்படம் 1931இல் வந்தது. கிட்டப்பா படத்தில் நடிக்காமலே போய்விட்டார். சுந்தராம்பாளின் முதல் படம் 1935இல் வந்த 'பக்த நந்தனார்'. அதாவது, அசைகிற பிம்பமாக நமக்குக் கிடைப்பவர் விதவையான சுந்தராம்பாள் மட்டுமே. பரண்மேல் நின்று வேலனோடு வாயாடிய வள்ளியை, கூட்டம் கொட்டகையை நிறைத்துக்கொண்டு வந்து பார்த்த காதல் நாயகியை, படச்சுருள் பார்க்கவேயில்லை. அந்த வள்ளி இசைத்தட்டின் கீறல்களுக்குள் வெறும் குரலாக மட்டும் இருக்கிறாள். ஆவணமே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டுவிட்டது.

அடுத்து வேஷங்களைப் பாருங்கள். 1935இல் நந்தனார், ஆண் துறவி. 1940இல் மணிமேகலை, கணிகையின் மகளாகப் பிறந்து பௌத்தத் துறவியானவள். 1953இல் ஜெமினியின் ஔவையார். கல்யாணம் வேண்டாமென்று கிழத்தன்மையை வரமாகக் கேட்டு வாங்கியவள். 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள்; சமணத் துறவி. 1965இல் திருவிளையாடலில் மறுபடி ஔவை. முப்பது வருஷம், ஐந்து படம், ஐந்திலும் துறவு. இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவர் போட்டுக்கொண்ட விரதம் ஒருபக்கம். மறுபக்கம், உடம்பை ஒப்படைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் உன்னைத் தாயே என்று கும்பிடுகிறோம் என்று ரசிகக் கூட்டம் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். நாடகக்காரி 'அம்மா' ஆவதற்கு நாம் வாங்கிய விலை அது. நந்தனாரில் நடிக்க அவருக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை வியந்து எழுதுகிறார்கள். அவர் கொடுத்தது எவ்வளவு என்று யாரும் கணக்கெழுதவில்லை.

நந்தனார் வேஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய புராணத்தில் இல்லாத பண்ணையார் வேதியரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தம் சரித்திரக் கீர்த்தனையில் உருவாக்கினார். 1935 படத்தில் அந்த வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். எதிரே தலித் ஆண் துறவியாக, நாடகக் கொட்டகையிலிருந்து வந்த பிராமணரல்லாத ஒரு விதவை. சபாவும் கொட்டகையும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கின்றன. கோயிலுக்கு வெளியே நிற்கிறவரின் வேஷம் ஏன் இவருக்கு இவ்வளவு பொருந்தியது என்று கேட்டால், பதிலைக் குரல்வளத்தில் மட்டும் தேட முடியாது. ஆனால் அந்தக் கதையிலும் நந்தன் தீயில் இறங்கி 'சுத்தமான' பிறகுதான் சன்னிதிக் கதவு திறக்கிறது. சுந்தராம்பாளுக்கும் அப்படித்தான் திறந்தது.

5

இதையெல்லாம் ஒருமுறை வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். நாம் எல்லாரும் சேர்ந்து அவரை விதவையாக்கி ரசித்தோம், இது ஆணாதிக்கச் சொல்லாடல், இப்படி. அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. அதுவும் இருபத்து மூணு வயசில் தாலியறுத்தது. ஔவையார் படத்தை டூரிங் கொட்டகையில் நாலு தடவை பார்த்தது. உலக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னது:

'நீ என்னமோ பேசு. புருசன் செத்தன்னைக்கு என்னைய மூலையில உக்காருன்னாக. நல்லது கெட்டதுக்கு எதுக்க வராதேன்னாக. இவ அதே வெள்ளச் சீலையக் கட்டிக்கிட்டு நடுமேடையில நின்னாடா. காந்தி கட்சிக்குப் பாடுனா, சட்டசபைக்குப் போனா. முழிவியளத்துக்கு ஆகாத சீலைய ஊரே கும்புடுற மாதிரி பண்ணிப்புட்டா. அது ஒனக்குத் தெரியலையா?'

எனக்குத் தெரியவில்லைதான். 1937 தேர்தலில் காங்கிரசுக்காக மேடை மேடையாகப் பாடியவர் சுந்தராம்பாள். நாடகக் கலைஞர்கள் தேசிய இயக்கத்துக்குச் செய்த வேலையைத் தியடோர் பாஸ்கரன் 1981லேயே நூலாக எழுதியிருக்கிறார். 1951இல் அவர் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். கூத்தாடிச்சிக்கு வீட்டுத் திண்ணையில் இடம் தராத சமூகம் மேலவையில் நாற்காலி போட்டது. நான் ஒப்பந்தம் என்று பார்த்ததை அப்பத்தா தந்திரமாகப் பார்த்தது. மூலைக்கு அனுப்புவதற்காகக் கொடுத்த சேலையை அவர் மேடையேறுவதற்கான அனுமதிச்சீட்டாக மாற்றினார். இரண்டில் எது சரி? இரண்டும் ஒரே சேலையைப் பற்றித்தான் பேசுகின்றன என்றே எனக்கு இப்போது படுகிறது. அதிகாரம் ஒரு குறியைக் கொடுக்கிறது; பெறுகிறவர் அதை வேறு விதமாகக் கட்டிக்கொள்கிறார். ஆனாலும் கட்டியாக வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட முடியாது.

இன்னொன்றும் அப்பத்தா சொல்லிக் கொடுத்தது. ரசிகை என்று ஒருத்தி இருக்கிறாள். நாடகத் திடலில் கயிறு கட்டி ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்காருவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் எழுதிய ரசிகக் கோட்பாடெல்லாம் இந்தப் பக்கத்துக்கு மட்டும்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வள்ளியின் ஒவ்வொரு பதிலையும் மனசுக்குள் வாங்கி, மறுநாள் அடுப்படியில் புருஷனிடம் எடுத்துவிடுகிற பெண்களுக்கு அந்த நடிகை யார் என்பதை நாம் கேட்டதேயில்லை. அவர்கள் அன்பளிப்பு அறிவிப்பதில்லை; அதனால் அவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் வருவதில்லை.

6

இப்போது இரண்டாவது நடிகை.

அவருடைய வள்ளியை நான் முதலில் பார்த்தது 1996இல், பக்கத்து ஊர்ப் பங்குனித் திருவிழாவில். அதன்பின் சைக்கிளில், பஸ்ஸில், லாரியில் தொற்றிக்கொண்டு எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறேன். நோட்டீசில் அவர் படம் இருந்தால் போதும். டேப் ரெக்கார்டர் வாங்கிய பிறகு பதினோரு நாடகங்களைப் பதிந்து வைத்தேன். அவருக்கே தெரியாமல் போயிருக்காது. டீக்கடையில் ஒருமுறை, 'தம்பி பாட்டெல்லாம் புடிக்குறீகளாமே, எனக்கு ஒண்ணு குடுங்க' என்று கேட்டார். ஒன்று கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு இல்லை.

2004இல் அவர் எங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயசு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் வேண்டும் என்றார். வீட்டுக்காரர் தெருவில் நாலு பேரைக் கூட்டிவைத்துக் கேட்டார். நானும் ஒருவன். 'ராத்திரி மூணு மணிக்கு வேன் வந்து நிக்கும்', 'ஏஜெண்டு வருவான், ராஜபார்ட்டு வருவான்', 'பொம்பளப் புள்ளைக இருக்கிற தெரு.' யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. நாகரிகமாகத்தான் பேசினார்கள். அதில் இரண்டு பேர் போன வருஷம் அவருக்கு ஐம்பது, நூறு என்று அன்பளிப்பு அறிவித்தவர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று நானே எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அடையாள அரசியல், விளிம்புநிலை, உடல் அரசியல் என்று அதே வருஷம் இரண்டு கட்டுரை எழுதியிருந்தேன். வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ரெண்டு மாசம் கழித்து ஒரு நாடகம். வள்ளி திருமணம்தான். தர்க்கம் சூடாகப் போனது. வேலன் வழக்கம்போல ஊர் எது, பேர் எது என்று கேட்டுக்கொண்டே வந்து, 'ஒனக்கு வீடு எங்கம்மா?' என்றார். அதற்கு வழக்கமாக ஒரு பதில் உண்டு. அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. கவண்கல்லைக் கையில் சுற்றிக்கொண்டே, 'எனக்கு ஏதுங்க வீடு? பரண்தான் வீடு. ராத்திரி பூரா எம் பாட்டக் கேக்குறவுக, விடிஞ்சா ஆலோலம் பாடி என்னைய வெரட்டிப்புடுறாக. குருவியாவது கதிரத் திங்கும், நான் என்னத்தத் தின்னேன்?' என்றார்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. குருவியை விரட்டுகிறவளையே குருவியாக்கிவிட்டாளே என்று பக்கத்தில் ஒரு பெரியவர் தொடையைத் தட்டினார். நானும் கைதட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அதை எனக்காகச் சொன்னாரா, எங்கள் தெருவுக்கா, அதற்கு முன்னால் வீடு இல்லை என்று சொன்ன எத்தனையோ தெருக்களுக்கா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. டேப்பில் அது பதிந்திருக்கிறது. அவர் சொல்வதும், கூட்டத்தின் சத்தமும், அதற்குள் எங்கேயோ என் கைதட்டலும்.

7

இதிலிருந்து என்ன விளங்கிக்கொள்கிறேன்?

ரசிகன் ஏமாளி என்பது சரியல்ல. அவனுக்கு எல்லாம் தெரியும். எங்கள் தெரு ஆட்களுக்கு அவருடைய கலையின் அருமை தெரியாமல் இல்லை. ராகம் ராகமாகத் தெரியும். அப்படியானால் கும்பிடுவதும் விரட்டுவதும் எப்படி ஒரே கையால் நடக்கிறது? மேடைக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய உடம்பும் வாயும் எவ்வளவு துணிந்தாலும் ரசிப்போம். இந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் வெள்ளைச் சேலையில் வா என்போம். சுந்தராம்பாளுக்கு நாம் காட்டிய பக்தியும் என் நடிகைக்கு நாங்கள் மறுத்த வீடும் ஒரே விதியின் இரண்டு முகங்கள். முன்னவர் விதியை நிறைவேற்றினார், தாயானார். பின்னவர் நிறைவேற்றவில்லை, கணவரோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்துகொண்டு ராத்திரியில் காதல் பாட்டுப் பாடினார்.

இந்த மேடையின் களங்கத்தைப் பற்றி சூசன் சீசர் 2005இல் ஒரு முழு நூல் எழுதினார். மதுரையில் தங்கி, நடிகைகளோடு வேனில் பயணம் போய் எழுதியது. வேன் ஊருக்குள் வரும்போது அவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்வது, தெருவில் நடக்காமல் இருக்கப் பார்ப்பது என்று பொதுவெளியில் கௌரவத்தைக் காப்பாற்ற அவர்கள் படும் பாட்டை அதில் காட்டுகிறார். அதைப் படித்தபோது, மூணு மணிக்கு வேன் வந்து நிற்கும் என்று எங்கள் தெருவில் சொன்ன ஆளை நினைத்துக்கொண்டேன். நாம் எதைக் குற்றமாகச் சொன்னோமோ அதைத் தாங்களே மறைத்துக்கொள்ளத்தான் அவர்கள் ராப்பகலாக உழைக்கிறார்கள்.

நடைமுறையாகச் சிலது சொல்லலாம். இந்தக் கலைஞர்களின் வருஷ வருமானத்தின் பெரும்பகுதி பங்குனி, சித்திரை, வைகாசித் திருவிழாக்களிலிருந்து வருகிறது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு அறிவித்தபோது அந்த வருஷத்துச் சீசன் முழுசாகப் போனது. 2021இலும் அதே காலத்தில் இரண்டாவது அலை. கோயில் பூட்டியிருந்தது என்பதால் அவர்களுக்கு ஒரு வருஷமில்லை, இரண்டு வருஷம் அடுப்பு அணைந்தது. அப்போது நாங்கள், ரசிகர்கள், பழைய பாட்டுகளைச் செல்போனில் பகிர்ந்து 'அந்தக் காலம் போச்சே' என்று ஏங்கிக்கொண்டிருந்தோம். குரலைச் சேமித்து வைத்திருக்கிறவனுக்குக் குரலின் சொந்தக்காரி பசியோடு இருப்பது தெரிவதில்லை. பதிவுக்கருவியின் அரசியல் இதுவும்தான். வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, ராப்பயணத்துக்குப் பாதுகாப்பு, சீசன் இல்லாத மாசங்களுக்கு ஒரு ஏற்பாடு, இவையெல்லாம் சங்கங்கள் மட்டும் பேச வேண்டிய விஷயங்களில்லை. பாயில் உட்கார்ந்தவனும் பேச வேண்டியவை. ரசிகர் மன்றம் என்று ஒன்று இருந்தால் அது இதற்காக இருக்கட்டும்.

நான் இன்னும் ரசிகன்தான். விமர்சகனாகித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. விமர்சகன் கடனைப் பற்றி எழுதுவான், ரசிகன் கடன்பட்டவன். சுந்தராம்பாளின் தட்டைக் கேட்கும்போது இப்போது எனக்கு வெள்ளைச் சேலை தெரிவதில்லை. இருபது வயசில், இலங்கையின் ஏதோ ஒரு கொட்டகையில், எதிரே நிற்கிறவனை மடக்கிவிட்டுச் சிரிக்கிற ஒருத்தி தெரிகிறாள். அவளை நம்மில் யாரும் பார்த்ததில்லை என்பதால் அவளுக்கு நாம் எந்தச் சேலையும் கட்டிவிட முடியாது.

இன்னொருவரின் பதினோரு நாடகமும் என்னிடம் இருக்கிறது. பத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறேன். 2004ஆம் வருஷத்து ஒலிநாடாவை மட்டும் கைதட்டல் வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன்.